ஒரு மண்டலத்துப் பத்தியம்

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் பலசரக்குக் கடை வைத்திருந்த சுடலைக்கண்ணனைப் பிடிவாதக்காரர் என்று தெருவே சொல்லும். அவர் மனைவி பகவதியைக் கேட்டால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்வாள். விடியுமுன் கல்லாவில் உட்கார்ந்தார் என்றால் ராத்திரி ஷட்டரை இழுக்கும்வரை அசைய மாட்டார். லாரிக்காரன் பீடி கேட்டால் அவனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. மதியச் சோற்றுக்குக் கருவாடு இல்லையென்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வீட்டுக்கு வரும்போது எண்ணெய்ப் புரோட்டாவும் சால்னாவும் கையோடு வரும். பகவதி கத்திப் பார்த்தாள். கத்தினால் கேட்கிற ஆளா அவர்?

சித்திரையில் ஒரு நாள் காலை, பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவரின் வலது கை சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில். தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடியதால் பேச்சு திரும்பியது, கையும் காலும் திரும்பின. நடையில் மட்டும் கொஞ்சம் இழுப்பு. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னதையெல்லாம் பகவதி கவனமாகக் கேட்டுக்கொண்டாள். உப்பையும் எண்ணெயையும் குறைக்கணும், கருவாடு ஊறுகாய் ஆகாது, பீடியைத் தொடவே கூடாது, தினமும் நடக்கணும், மாத்திரையை விடக்கூடாது. அவளுக்குப் புரிந்துவிட்டது. பத்தியம், அவ்வளவுதானே?

பத்தியம் அவளுக்குப் புதிதா என்ன? மஞ்சள்காமாலைக்குப் பத்தியம், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம். மருந்து தின்கிறவரை வாயைக் கட்டணும். முடிந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுப் பத்தியத்தை முறிக்கணும். இந்த நோய்க்கு எத்தனை நாள் என்று டாக்டர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரு மண்டலம் என்று அவளே வைத்துக்கொண்டாள்.

“குலசைக்கு மாலை போட்டிருக்கேன்னு நெனச்சுக்கிடுதேன், போ” என்றார் சுடலைக்கண்ணன். வருஷம் தவறாமல் தசராவுக்கு விரதமிருந்து காளி வேஷம் கட்டுகிற மனிதருக்கு ஒரு மண்டலமெல்லாம் ஒரு பொருட்டா? என்னமாய் இருந்தார் தெரியுமா! உப்பு சப்பில்லாத கஞ்சியும் அவித்த காயும்தான் சாப்பாடு. பீடி வாடை அடித்தால் எழுந்து அந்தப் பக்கம் போய்விடுவார். காலையில் கடற்கரைச் சாலையில் காலை இழுத்து இழுத்து நடந்தார். தொப்பை வற்றியது, முகம் தெளிந்தது. பிரஷர் நன்றாக இறங்கியிருக்கிறது என்று நர்ஸம்மா பாராட்டினாள். பகவதிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அந்த மனிதர் இருக்கணும். இன்னும் இருபது வருஷம் இருப்பார் என்று நம்பத் தொடங்கினாள்.

மண்டலம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வேம்பாரிலிருந்து அவருடைய அண்ணன் வெள்ளத்துரை குடும்பத்தோடு வந்திறங்கினார். பகவதி உப்பும் உறைப்புமாகக் கறிக்குழம்பு வைத்தாள், கருவாடு பொரித்தாள். முதல் கவளத்திலேயே சுடலைக்கண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கும்தான். பத்தியமே முடிந்த பிறகு மருந்து எதற்கு என்று மிச்சமிருந்த மாத்திரைகளை அவளே குப்பையில் போட்டாள். மறுநாள் அவர் கல்லாவில் உட்கார்ந்தார். பீடி வந்தது, புரோட்டாப் பொட்டலமும் வந்தது. அத்தனை நாள் வாயைக் கட்டிப்போட்ட மனிதரை இனி என்னவென்று ஏசுவது?

ஐப்பசி மழை தொடங்கிய வாரம் கடைக்குள்ளேயே மறுபடி விழுந்தார். இந்தத் தடவை வலது பக்கம் அப்படியே போய்விட்டது. கட்டுப்பாடாக இருந்தாரா என்று ஆஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா ஒருத்தி கேட்டாள். அந்த நிலையிலும் பகவதிக்குப் பெருமை வந்தது.

“ஒரு மண்டலம் முழுசா இருந்தாவ டாக்டர். ஒரு நாள் தப்பல. நாந்தான் பாத்துப் பாத்துப் பொங்கிப் போட்டேன்.”

டாக்டரம்மா, “அது உயிர் இருக்கிறவரைக்கும்மா. மாத்திரையும் அப்படித்தான்” என்றாள். இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டார், வராது என்று உறுதி சொல்லவும் முடியாது, கட்டுப்பாட்டோடு இருந்தால் எத்தனை காலம் தள்ள முடியுமோ அத்தனை காலம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

பாவி, என் கையால்தானே அள்ளிப் போட்டேன் என்று பகவதி தலையில் அடித்துக்கொண்டாள். எத்தனை நாளைக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லையே.

இப்போது அவர் கட்டிலில் கிடக்கிறார். கடை பூட்டிக் கிடக்கிறது. அண்ணன் வந்து பார்த்துவிட்டு, இன்னொரு மண்டலம் இருந்தால் எழுந்துவிடுவான் என்று தைரியம் சொல்லிப் போனார். பகவதி வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு உள்ளே போனாள்.

மாசிக் கடைசியில் ஒரு மத்தியானம் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து வாயருகே கொண்டுபோனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழறிக் குழறி இரண்டு மூன்று தடவை முயன்ற பிறகுதான் வார்த்தை தெளிந்து வந்தது.

“ஏளா, எப்ப முடியும்?”

முடிவு என்று ஒன்று இருந்தால் எதையும் தாங்கிவிடுவார், இல்லையென்று தெரிந்தால் அந்த வாய் இனித் திறக்காது. பகவதிக்கு அது நன்றாகத் தெரியும்.

“பங்குனி உத்திரத்தோட முடிஞ்சிரும். மறுநாளே கறி எடுத்துருவோம்” என்றாள்.

போன தடவை கேட்டபோது சிவராத்திரி என்று சொல்லியிருந்தாள். அது வந்து போனதுகூட அவருக்குத் தெரியாது. சரியென்று தலையை ஆட்டிவிட்டு வாயைத் திறந்தார்.