மூலை சேர்க்கிறவர்

மூக்கு கணினித் திரையில் இடித்துவிடும்போல் குனிந்து, மவுஸ் சக்கரத்தை உருட்டிக்கொண்டே போகிறார் வீரமணி. திரையில் வீடு பெரிதாகிறது, சமையலறை பெரிதாகிறது, கடைசியில் சமையலறையின் ஒரு மூலை மட்டும் திரை முழுக்க நிற்கிறது. அங்கே இரண்டு கோடுகள் ஒன்றையொன்று தொடாமல் மயிரிழை தள்ளி நிற்கின்றன. "மாட்னியா!" என்று ஒரு தட்டு. கோடுகள் சேர்ந்துகொள்ள, சுவருக்குள் வண்ணம் குபுக்கென்று நிரம்புகிறது.

செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் இருக்கிறது அந்த பிளான் போடும் ஆபீஸ். வீரமணிக்கு நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை. சென்னையிலிருந்து வேன் பிடித்து வந்து வாயைப் பிளந்து பார்க்கிறார்களே, அந்த மலைக்கு முதுகைக் காட்டித்தான் மனிதர் உட்கார்ந்திருப்பார். டீயை ஆறவைத்து, ஏடு படிந்த பிறகே குடிப்பார்.

வீடு கட்ட வருகிறவர்களுக்கு அவர் வேலை புரியாது. அனந்தபுரத்துக்காரர் ஒருவர், "கோடெல்லாம் நல்லாதான இருக்குது? இன்னா சார் இவ்ளோ நேரம்?" என்று கேட்டே விட்டார்.

"உங்க கண்ணுக்கு நல்லாதாங்க இருக்கும். எங்கியாவது துளி கேப்பு இருந்தா, ரூமு எங்க முடியுதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஏரியாவும் வராது, கலரும் ஏறாது. மொறைச்சிக்கும்" என்றார் வீரமணி.

அந்த இடைவெளிகளில் முக்கால்வாசி ஜெயஸ்ரீயுடையவை. முன்பு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வரைந்தவள். கோட்டின் நுனியைத் தானாகக் கவ்விப் பிடிக்கிற 'ஸ்நாப்' என்ற வசதியை அவள் போடவே மாட்டாள். "அது கையப் புடிச்சி இழுக்குது சார், எனக்கு ஆவாது" என்பாள். கண்ணால் பார்த்தே நிறுத்துவாள். கோடு நூலளவு முன்னாலேயே நின்றுவிடும். ஆபீஸில் எல்லாரையும் அண்ணா என்றவள், இவரை மட்டும் சார் என்றாள். அந்த ஒரு சாரை வைத்துக்கொண்டு மனிதர் எத்தனை மனக்கோட்டை கட்டினாரோ! கேட்கத்தான் வாய் வரவில்லை. அவள் ஊருக்குள், இவர் காலனியில். செஞ்சிப் பக்கம் அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அவள் கல்யாணத்துக்கு ஆபீஸ் சார்பில் சுவர்க்கடிகாரம் வாங்கப் போனவரும் இவர்தான்.

இப்போது அவள் ஓசூரில். வீட்டிலிருந்தே வரைந்து அனுப்புகிறாள். அவள் ஃபைல் வந்தால் வீரமணி முகம் கழுவிக்கொண்டு வந்துதான் உட்காருவார். மூலை மூலையாகத் தேடுவார். இடைவெளி தென்பட்டால் ஆளையே நேரில் பார்த்ததுபோல் ஒரு சந்தோஷம். சேர்த்து வைத்துவிட்டு ஒருத்தரிடமும் மூச்சு விடமாட்டார். அவளிடமும்தான். சொன்னால் திருத்திக்கொண்டுவிடுவாளே! அப்புறம் அவளிடமிருந்து இவருக்கு என்ன வரும்?

போன மாதம் முதலாளி எழிலன் குண்டைத் தூக்கிப் போட்டார். "ஜெயஸ்ரீ டிராயிங்ல தப்பே கெடையாதுப்பா. இனிமே திண்டிவனம் பில்டருக்கு அது நேராவே அனுப்பட்டும். நடுவுல நீ எதுக்கு?"

மூலை சேராத பிளான் போனால், அடுத்த வாரமே அவளைக் கழற்றி விடுவார்கள். அவள் வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது. அவள் வரைந்தால்தான் அங்கே அடுப்பு எரியும். போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்த வீரமணி, ஒரு காலையில் கூப்பிட்டே விட்டார்.

"ஜெயஸ்ரீ, மூலையில கோடு சேராம நிக்குதும்மா. ஸ்நாப்பைப் போட்டுக்க."

"ஐயய்யோ! எவ்ளோ நாளா சார்?"

"இப்பதான். ஒண்ணு ரெண்டு பிளான்ல."

"பொய் சொல்றீங்க. நீங்களே சரி பண்ணிக்கினு இருந்தீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சாப்டியா?"

"மணி பதினொண்ணு சார்" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

சாயங்காலமே ஒரு பிளான் வந்தது. "சரியா இருக்குதான்னு ஒருவாட்டி பாத்துடுங்க சார்" என்று குரல் பதிவு. வீரமணி பார்த்தார். ஹால், படுக்கையறை, பூஜையறை, மாடிப்படியடி. எல்லா மூலைகளும் சேர்ந்திருந்தன. இவருக்கென்று எங்கேயும் ஒன்றும் மிச்சமில்லை. "சூப்பர்மா, நேரா அனுப்பிடு" என்று பதில் போட்டார்.

எழிலன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "பூட்டலாமாப்பா?" என்றார்.

"ஒரு நிமிஷம் சார்."

தன்னிடம் இருந்த பிரதியில், அவள் வரைந்த சமையலறையின் மூலைக்குப் போய், ஒரு கோட்டின் நுனியைப் பிடித்து நூலளவு பின்னால் இழுத்தார் வீரமணி. அந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டிச் சேர்த்தார். மறுபடியும் இழுத்தார்.