தம்பியைப் பார்க்க ஓசூருக்குப் போய்க் கைதான கதை

மலைக்கோட்டை, அணைக்கட்டு, தோட்டம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த முறை நான் ஒன்றையும் சுற்றிப் பார்க்கவில்லை. கார்த்திகையில் விருதுநகரிலிருந்து ஓசூருக்குப் போனது என் தம்பி சரவணனைப் பார்க்க. என் மகள் பாப்பாவுக்கு ஐந்து வயது முடியப்போகிறது, இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே ஆசாரியை விட்டுக் குத்த வேண்டும்? அந்தத் தாய்மாமன் இரண்டு வருடமாக என் போனை எடுப்பதில்லை.

எனக்கும் அவனுக்கும் சண்டை இல்லை. என் வீட்டுக்காரர் செங்கொடிச் சங்கத்துக்காரர். தம்பி ஓசூரில் வேலைக்குப் போன பிறகு காவிக்கொடி இளைஞர்களோடு சேர்ந்துகொண்டான். ஒரு தீபாவளிச் சாப்பாட்டில் மாமனுக்கும் மச்சானுக்கும் பேச்சு முற்றி, பாதி இலையில் எழுந்து போனவன்தான். அதற்குப் பிறகு நான் அவனைப் பார்ப்பதெல்லாம் வீடியோவில். அந்தப் பக்கம் தொழிற்சங்கம் எங்கே ஆர்ப்பாட்டம் அறிவித்தாலும் இவனுடைய ஆட்கள் எதிர்ச்சாரியில் வந்து நின்று எதிர்க்கோஷம் போடுவார்கள். அதை யாராவது படம் பிடித்துப் போடுவார்கள். இரண்டாவது வரிசையில் கொடியோடு நிற்பான். என்ன கோஷம் என்று நான் கேட்டதே இல்லை. கன்னம் ஒட்டிப்போயிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

ஓசூர்ப் பக்கம் ஜூஜுவாடியில் ஏதோ ஓர் அறையில் இருக்கிறான் என்று மட்டும் தெரியும். விலாசம் கிடையாது. ஒப்பந்தத் தொழிலாளர்களை நீக்கியதைக் கண்டித்து ஓசூர் ராம் நகரில் வரும் வாரம் ஆர்ப்பாட்டம் என்று வீட்டுக்காரரின் போனில் செய்தி வந்ததும், அன்று காலை பத்து மணிக்கு என் தம்பி எங்கே நிற்பான் என்று தெரிந்துவிட்டது. “போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?” என்றேன். பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமல் “போயிட்டு வா” என்றார் இவர்.

இரவு ரயில், ஸ்லீப்பர், முந்நூற்றுச் சொச்சம் ரூபாய். ராயக்கோட்டை தாண்டும்போது விடிந்திருந்தது. சாலையோரம் தக்காளிக் கிரேடுகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓசூரில் ஏழரைக்கு இறங்கினேன். குளிர் பல்லைக் கிட்டிக்க வைத்தது. விருதுநகர்க்காரிக்கு இதெல்லாம் தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். குளித்து, இட்லி சாப்பிட்டு, ஆட்டோ பிடித்தேன். நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு ஒத்துக்கொண்டார். போனில் தெலுங்கு, பக்கத்து ஆட்டோவிடம் கன்னடம், என்னிடம் தமிழ்.

“அங்காண்ட வண்டி போவாதுங்க அக்கா. சிவப்புக்கொடிக்காரங்க ஒரு பக்கம், இவங்க ஒரு பக்கம். போலீசு நடுவுல. சாயங்காலம் எல்லாம் ஊட்டுக்குப் போறவரைக்கும் ரோடு அவங்களதுதான்” என்று தெருமுனையிலேயே இறக்கிவிட்டார்.

அவர் சொன்னபடியேதான் இருந்தது. இந்தப் பக்கம் “நீக்கிய தொழிலாளரை வேலைக்கு எடு!” அந்தப் பக்கம் “தொழிலை ஊரை விட்டுத் துரத்தாதே! பாரத் மாதா கி ஜே!” நடுவில் தடுப்பு. தேடவே வேண்டியிருக்கவில்லை. அதே இரண்டாவது வரிசை. தாடி விட்டிருந்தான், படுபாவி. வீடியோவில் தெரிந்ததைவிட மெலிந்திருந்தான். “சரவணா!” என்று கத்தினேன். அத்தனை கோஷத்தில் யாருக்குக் கேட்கும்?

கொஞ்ச நேரத்தில் தள்ளுமுள்ளு வந்தது. இரண்டு தரப்பையும் கைது செய்து வேன்களில் ஏற்ற ஆரம்பித்தார்கள். வேன் கிளம்பினால் தம்பி போய்விடுவான். நான் என்ன செய்வேன்? ஒரு பெண் காவலரிடம் ஓடிப்போய், “நானும் இவங்க கூடத்தான், என்னையும் ஏத்துங்க” என்றேன்.

“ஏம்மா, எல்லாரும் உட்டாப் போதும்னு ஓடுறாங்க, நீ ஏறணும்னு வரியே!” என்று சிரித்துக்கொண்டே ஏற்றிவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், எல்லார் மடியிலும் செங்கொடி. தம்பி பக்கத்தில் அன்று பெண்களே இல்லை. பெண் என்றால் இந்த வேன்தான் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

கொண்டுபோய் அடைத்தது ஒரு கல்யாண மண்டபத்தில். காவிக்கொடிக்காரர்கள் மாடியில், செங்கொடிக்காரர்கள் கீழே பந்தி நடக்கும் கூடத்தில். நான் இறங்குவதை மாடிப்படியில் நின்று தம்பி பார்த்துவிட்டான். “டேய், உங்க அக்காவா அது? அந்த வண்டியிலயா?” என்று பக்கத்திலிருந்தவன் கேட்டதும் அவன் முகம் செத்துப்போனது. தடதடவென்று இறங்கி வந்தான்.

“என்னக்கா இது? மாமா அனுப்பினாரா? எங்க ஆளுங்க முன்னாடி என் மானத்தை வாங்கவா?”

“போடா கூறு கெட்டவனே! உன்னைப் பார்க்க வந்தேன். தெரியாம வண்டி மாறி ஏறிட்டேன்.”

முறைத்தான். வாயோரம் துடித்தது. அப்புறம் சிரித்துவிட்டான். எனக்கோ அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் காவலர்தான், “நடுப்படியில குந்திப் பேசுங்க, மேலயும் வேணாம், கீழயும் வேணாம்” என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

மதியம் எலுமிச்சைச் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். என் பொட்டலத்திலும் பாதியை அவன் பக்கம் தள்ளினேன். “கேட்டைப் பூட்டிட்டு முதலாளி வேற மாநிலத்துக்குப் போயிட்டா, என்னை மாதிரி கான்ட்ராக்ட்காரன் எங்கக்கா போவான்? இதைக் கேட்டதுக்கு மாமா என்னை அடிமைன்னு சொன்னாரு” என்றான். பாப்பாவின் போட்டோவைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கி அவள் காதைப் பார்த்தான்.

“காது குத்தணும்டா. உன் மடி இல்லாம குத்த மாட்டேன்.”

“மாமா கூப்பிடட்டும், வர்றேன்.”

“அவர் கூப்பிட மாட்டாருடா. அவருக்கும் உன்னை மாதிரியே வீம்பு.”

“அப்ப நான் எப்படிக்கா வர்றது?”

பேசிப் பேசி அங்கேயே வந்து நின்றோம். ஆறு மணிக்கு, “எல்லாரும் கிளம்பலாம்” என்று ஆய்வாளர் கதவைத் திறந்துவிட்டார். மேலேயும் கீழேயும் ஒரே ஆரவாரம். இன்னும் ஒரு மணி நேரம் வைத்திருந்தால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தம்பி கூட்டாளி ஒருவனின் பைக்கில் கொண்டுவந்து சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். பஸ் நகரும் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றான். வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: கார்த்திகை, மார்கழியில் ஸ்வெட்டர் கட்டாயம். ஆட்டோவில் ஏறும் முன் பேசிவிடுங்கள். ராம் நகரில் கூட்டம் தெரிந்தால் சுற்றிப் போங்கள். மாட்டிக்கொண்டால் பயம் வேண்டாம், சாயங்காலம் விட்டுவிடுவார்கள், சாதம் மோசமில்லை. யாரையாவது பார்க்கப் போகிறீர்கள் என்றால் சொல்ல வேண்டியதை மதியத்துக்குள் சொல்லிவிடுங்கள். எனக்கு அந்த ஒரு பகல் போதவே இல்லை.

விடிந்து வீடு வந்து சேர்ந்தேன். இவர் காப்பியைக் கையில் கொடுத்தார்.

“பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“ரொம்ப மெலிஞ்சிருக்கானோ? போன வீடியோவுலயே கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்துச்சு.”

அவரைப் பார்த்துக்கொண்டே காப்பியைக் குடித்து முடித்தேன். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு அடுப்படி வரை போனவர், திரும்பி நின்றார்.

“நம்ம ஊர் பஸ் ஸ்டாண்ட் எதிர்ல ஒரு ஆர்ப்பாட்டம் அறிவிக்கச் சொல்றேன். எதிர்த்து நிக்கவாவது வருவான்ல?”

“தேதியைச் சொல்லுங்க,” என்றேன். “ஆசாரியையும் அன்னைக்கே வரச் சொல்லிடுறேன்.”