டெரிக்கின் காணாமற்போன பக்கங்கள்

காலை ஏழேகாலுக்கு, கடையின் இரும்புக் கதவைப் பாதிவரை தூக்கிவிட்டு, டெரிக் தம் கடையையே கூகிளில் தேடுகிறார். தம் கைப்பேசியில் அல்ல, மனைவி கிளாரிஸின் கைப்பேசியில். "என் போனுக்கு நான் யாருன்னு தெரியும் லா. எனக்குப் புடிச்சதத்தான் காட்டும்" என்கிறார். அவருடைய இணையதளத்தின் எத்தனை பக்கங்களைக் கூகிள் அறிந்து வைத்திருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. அதை எங்கோ கற்றுக்கொண்டிருக்கிறார். திரையில் வருகிற பக்கங்களை ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறார். ஒன்பது. மேலே போய் மறுபடி எண்ணுகிறார். ஒன்பது.

பிப்ரவரி மாதம் முழுக்க இந்தக் காட்சியைப் பார்த்தேன். அவருடைய தளத்தில் இருந்தவை நாற்பத்தொரு பக்கங்கள்.

பினாங்கில், சுங்கை பினாங் பகுதி அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கிறது கடை. நோயாளிக் கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் இயந்திரம் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். நான் பக்கத்துக் கட்டடத்தில் குடியிருப்பவன். அப்பாவுக்குக் கட்டில் கேட்டுப் போனபோது, "டாக்டர் எடுக்கச் சொன்னார்" என்றேன். "எந்த டாக்டர்?" என்றார் டெரிக். மின்தூக்கியின் கதவை நானே அளந்து கொண்டுபோன கணக்கையும் நம்பவில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். என் அளவு ஓர் அங்குலம் தப்பாக இருந்தது.

புக்கிட் தெங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் தரச் சோதனை செய்தவர். வேலையை விட்டு ஆறு வருடம் ஆகியும் கண்ணும் காதும் அங்கேயே நிற்கின்றன. திரும்பி வரும் சக்கர நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தைச் சுழலவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். திருகாணிப் பொட்டலத்தில் 'நூறு' என்று அச்சடித்திருந்தால் கொட்டி எண்ணுவார். "கோயில்ல ஃபாதர் கேட்டாரு, சம்மதம்னு சொன்னேன்" என்று கிளாரிஸ் தம் கல்யாணத்தைச் சொல்லிச் சிரிப்பார். "வெளிய வந்து காடியில ஏறினதும், நெசமாவான்னு இவரு இன்னொரு தடவ கேட்டாரு."

இணையதளத்தைச் செய்து கொடுத்தவர் ஹைதர். சூலியா தெருவில் ஒரு மாடி அறையில் அலுவலகம், வயது முப்பத்துநான்கு, இரண்டு பெண் குழந்தைகள். ஒன்றரை வருடம் தளம் நன்றாகத்தான் நடந்தது. ஜனவரியில் கடைத் தொலைபேசி அடங்கிவிட்டது. பினாங்கில் சக்கர நாற்காலி வாடகைக்கு என்று தேடினால் பட்டர்வொர்த்தில் புதிதாகத் திறந்த ஒரு கடைதான் முதலில் வந்தது. டெரிக்கின் கடை எங்கேயும் இல்லை.

"எவனோ என் பக்கத்தைத் தூக்கிட்டான்" என்றார் டெரிக்.

ஹைதர் ஒரு வழி சொன்னார். "சைட்மேப் ஒண்ணு கொடுத்துப் பார்ப்போம்ணே. பெரிசா ஒண்ணுமில்ல. உங்க தளத்துல என்னென்ன பக்கம் இருக்குன்னு ஒரு லிஸ்ட்டு. கூகிள் தேடி அலையாம நேரா வந்து பார்த்துக்கும்."

"நம்ம வீட்டு ரூம் லிஸ்ட்ட நாமளே எதுக்குத் தம்பி வெளிய கொடுக்கணும்?"

இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். ஆனால் கூகிள் கணக்கின் கடவுச்சொல்லைத் தர மறுத்துவிட்டார். பட்டியலை ஹைதர் தளத்தில் ஏற்ற வேண்டும், கூகிளுக்கு அனுப்புவது தம் வேலை என்று ஏற்பாடு. அனுப்புவதற்கு முன் அந்தப் பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொரு முகவரியையும் தளத்தில் திறந்து பார்த்து, சிவப்புப் பேனாவால் குறியிட்டார். நாற்பத்தொன்றும் சரியாக இருந்தன. "ஒண்ணுகூடத் தப்பா இல்ல. அதுதான் எனக்குப் பிடிக்கல" என்றார் என்னிடம்.

பத்து நாளில் கூகிளின் அறிக்கை வந்தது. பட்டியல் கிடைத்தது, நாற்பத்தொரு பக்கங்களையும் பார்த்தோம், ஒன்பதைச் சேர்த்துக்கொண்டோம், முப்பத்திரண்டைச் சேர்க்கவில்லை. காரணமும் இருந்தது. 'என்னைத் தேடலில் காட்டாதே' என்று அந்த முப்பத்திரண்டு பக்கங்களிலேயே குறிப்பு இருக்கிறதாம். டெரிக் அதை ஆங்கிலத்தில் படித்தார், மலாயில் மாற்றிப் படித்தார், பிறகு தாளை என்னிடம் நீட்டினார்.

"பார்த்தீங்களா? லிஸ்ட்டுல வா வான்னு கூப்பிடுறான், பக்கத்துக்குள்ள வராதேன்னு எழுதி வெச்சிருக்கான். தளத்துல கை வெக்கிறது இந்த ஹைதர் ஒருத்தன்தான் லா. பட்டர்வொர்த்காரன்கிட்ட என்ன வாங்கினானோ."

தாளில் இருந்தது உண்மை. நானும் நம்பினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்த வாரம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். இரண்டு கடை தள்ளி விருந்துச் சமையல் எடுத்துச் செய்யும் ஷர்மினி, தம் கடைக்கும் ஒரு தளம் செய்ய ஹைதரிடம் பேசி வைத்திருந்தார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரே வரியில் செய்தி அனுப்பி விலகிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஹைதரே மடிக்கணினியோடு தேடி வந்தார். முனையிலிருக்கும் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். கிளாரிஸ் வந்திருந்தார். என்னை அழைத்தவர் டெரிக். "நீங்க எழுதுறவரு. அவன் பேசுறத கவனிச்சு வைங்க."

ஹைதர் குரலை உயர்த்தவில்லை. "யாரு எப்ப எந்தப் பக்கத்துல கை வெச்சாங்கன்னு தளத்துலயே பதிவு இருக்குண்ணே. என் பேரு இருந்தா இன்னைக்கே ஆபீச மூடிடுறேன்."

திரையைத் திருப்பி வைத்தார். டிசம்பர் இருபத்தெட்டு, பிற்பகல் இரண்டு பத்து முதல் நான்கு மணி வரை. முப்பத்திரண்டு வரிகள். ஒவ்வொன்றின் எதிரிலும் டெரிக்கின் பெயர்.

டெரிக் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "என் பாஸ்வேர்ட எவனோ திருடிட்டான்."

"யாரும் திருடல" என்றார் கிளாரிஸ். "கிறிஸ்துமஸ் முடிஞ்ச ஞாயித்துக்கிழம. மிச்ச கேக்க வெச்சுத் தின்னுக்கிட்டே நீங்கதான் டிக் போட்டுக்கிட்டு இருந்தீங்க. பட்டர்வொர்த் கடைக்காரன் நம்ம வெலயப் பார்த்துக் கொறச்சுப் போடுறான்னு சொன்னீங்களே."

ஹைதர் அந்தப் பக்கங்களைத் திறந்து காட்டினார். முப்பத்திரண்டிலும் வாடகை விலை இருந்தது. விலை இல்லாத ஒன்பதை மட்டும் டெரிக் தொடவில்லை. அவர் குறியிட்ட பெட்டிக்குப் பக்கத்தில், 'ஹைட் ஃப்ரம் சர்ச்', அதாவது தேடலிலிருந்து மறைக்கவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"சர்ச்னா..." டெரிக் நிறுத்தி, மறுபடி தொடங்கினார். "ஃபேக்டரி கேட்டுல செக்யூரிட்டி கார்ட் நம்ம பைய சர்ச் பண்ணுவான்ல, அந்த மாதிரின்னு நெனச்சேன். பட்டர்வொர்த்காரன் வந்து துழாவக் கூடாதுன்னு."

யாரும் சிரிக்கவில்லை. ஹைதர் முப்பத்திரண்டு குறிகளையும் எடுத்துவிட்டார். எல்லாமாகப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "கூகிள் திரும்ப வந்து பார்க்கக் கொஞ்ச நாள் ஆகும்ணே. வந்துரும்." மடிக்கணினியை மூடினார். எழுந்திருக்கவில்லை. "ஷர்மினி அக்கா மெசேஜ் போட்டிருந்தாங்க. அது ஒண்ணுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

டெரிக் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். ஷர்மினியின் எண்ணை அழுத்திக் காதுக்குக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தி ஹைதரைப் பார்த்தார்.

"பேசிட்டேன்னு நான் பொறவு வந்து சொன்னா, நீ எதுக்குத் தம்பி நம்பணும்?"

ஒலிபெருக்கியைப் போட்டு, மேசையில் ஹைதரின் பக்கமாகக் கைப்பேசியை நகர்த்தி வைத்தார். நான்காவது மணியில் ஷர்மினி எடுத்தார். பின்னால் ஏதோ தாளிக்கிற சத்தம்.

"சொல்லுங்கண்ணே."

"ஷர்மினி, அந்தப் பக்கத்த மறைச்சது ஹைதர் இல்லம்மா. நான்தான்."

"என்னண்ணே? சரியா கேக்கல."

டெரிக் நாற்காலியிலிருந்து எழுந்தார். இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றிக் கைப்பேசியின் மேல் குனிந்து, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, அதையே மறுபடி சொன்னார்.