செக்கிங் மாமா நிறைவேற்றிய உயில்

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர் என் மாமா. ஓய்வு பெற்ற பிறகும் எதிரில் வருகிறவர்களை டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களாகத்தான் பார்ப்பார். குடும்பத்தில் அவருக்குப் பெயரே செக்கிங் மாமா. அவருடைய அக்கா, அதாவது என் பெரியம்மா, இறந்தபோது உயிலை நிறைவேற்றும் பொறுப்பு இவர் கைக்கு வந்தது. கேட்க வேண்டுமா!

பெரியம்மா தன் கையாலேயே எழுதிய உயில். வீட்டின் மாடிப் பகுதி மாமாவுக்கு. மற்றதெல்லாம் ஆறு வருடம் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட எனக்கு. மாமாவுக்கு அந்த மாடி உயிர். அவர் இருந்த வாடகை வீட்டை வருடக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். "இனிமே எவன் வீட்டு வாசல்லயும் போய் நிக்க வேண்டாம்" என்று அத்தை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாளே புதுப் பூட்டுகளும் நீள நோட்டுமாக மாமா வந்துவிட்டார். பீரோவைப் பூட்டினார். சமையலறையில் உட்கார்ந்து கரண்டிகளை எண்ணினார்.

"பதினொண்ணுதான் இருக்கு. பன்னெண்டாவது எங்கம்மா?"

"எனக்கெப்படி மாமா தெரியும்?"

"ஆறு வருஷமா இங்க இருந்தது நீதானே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் பையையும் பாத்துடுங்களேன்" என்றேன். பார்த்தார்! மனுஷனா இவர்?

ஆனால் தனக்கென்று ஒரு துரும்பை அவர் எடுக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். வேகாத வெயிலில் பேங்க், மின்சார ஆபீஸ் என்று அலைந்தார். இறப்புச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்கும்போதுகூட, கடைக்காரர் ஒன்றைக் கூடுதலாக எடுத்து ஒளித்துவிடுவாரோ என்று மெஷின் பக்கத்திலேயே நின்றார்.

எல்லாவற்றையும் கோர்ட்டில் கொடுப்பதற்காக ஒரு வக்கீலம்மாவிடம் போனோம். அவர் உயிலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"சாட்சிக் கையெழுத்து யாரோடது?"

"நானும் என் சம்சாரமும்" என்றார் மாமா பெருமையாக. "வெளியாள் ஒருத்தனையும் உள்ள விடல. எவனை நம்ப முடியுது?"

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். "சார், கிறிஸ்தவங்களுக்கு உள்ள சட்டப்படி சாட்சி போட்டவங்களுக்கு அந்த உயில்ல எதுவும் சேராது. உயில் செல்லும், உங்க பங்கு மட்டும் செல்லாது. மத்ததெல்லாம் இவங்களுக்குன்னு எழுதியிருக்கறதால மாடியும் இவங்களுக்குத்தான்." என்னைக் காட்டினார்.

மாமா முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப இந்தப் பொறுப்பு?" என்று கேட்டார்.

"அது உங்களோடதுதான் சார். நீங்கதான் இவங்ககிட்ட ஒப்படைக்கணும்."

ஒப்படைத்தார். கோர்ட் உத்தரவு வந்த அன்றே அத்தையோடு வந்து பூட்டுகளைத் திறந்தார், ஒவ்வொரு சாமானையும் நோட்டோடு ஒத்துப்பார்க்கச் சொன்னார், கையெழுத்துக் கேட்டார்.

"மாமா, மாடி உங்களுக்குன்னுதான் பெரியம்மா எழுதினாங்க. நான் உங்க பேருக்கே எழுதித் தரேன்" என்றேன். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமா என்னையே பார்த்தார். "வக்கீலம்மா சொன்னப்ப உன் முகத்தத்தான் பாத்தேன். சிரிப்ப அடக்கிக்கிட்ட."

"இல்லவே இல்ல மாமா!" என்று கத்தினேன்.

"பாவங்க, புள்ளை" என்றாள் அத்தை. அவர் நோட்டை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். மறுவாரம் இருவரும் ஊர்க்கோடியில் வேறொரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் என் பக்கம். தானாக வந்ததை உதறிவிட்டுப் போன சந்தேகப் பிராணி என்று அவரைத்தான் திட்டுகிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். ஆனால் அன்று நான் சிரிப்பை அடக்கியது நிஜம்.