அவசரப்பட்டு வெட்டிய பின்னல்

ட்ரூஹில்யோ நகரத்தில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவர்கள் முழுத் தலைமுடியோடு தப்பிக்க முடியாது. சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கத்தரியோடு காத்திருப்பார்கள். பையன்களுக்கு மொட்டை, பெண்களுக்குப் பேருக்கு ஒரு கொத்து. அதற்குமேல் முட்டை, மாவு. ஆனால் சந்தையில் ஜூஸ் கடை போட்டிருந்த எதெல்மீரா அசபாச்சேக்கு, இடுப்புவரை தொங்கிய பின்னல் முழுசாகவே போனது. வெட்டியவர் மீன்கடை கசிமீரோ. கையில் வெட்டுகிற சாமான் இருந்தால் அந்த மனிதருக்குப் பாதியில் நிறுத்தத் தெரியாது.

எதெல்மீராவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அவள் கடைக்கு நேர் எதிரே மருந்துக்கடை. அங்கே வெள்ளைக் கோட்டோடு நிற்கும் மருந்தாளர் ஓதிலியா அம்மாள் வாயைத் திறந்தால், யாருக்கும் அடங்காத உருளைக்கிழங்குக்காரிகள்கூடக் கைகட்டிக் கேட்பார்கள். தான் பேசுவதையும் ஒருநாள் ஊர் அப்படிக் கேட்க வேண்டும் என்று எதெல்மீரா ஆசைப்பட்டாள். ஏழை எளியவர்களுக்குத் தொண்டு செய்யத்தான் மருந்தியல் படிக்கப் போகிறேன் என்று அவள் யாரிடமும் கதைவிட்டதில்லை. அந்தக் கோட்டு அவளுக்கு வேண்டும், அவ்வளவுதான். கடையை மூடிவிட்டு நுழைவுத்தேர்வுப் பயிற்சி வகுப்புக்குப் போய், தன்னைச் ‘சித்தி’ என்று கூப்பிடும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து படித்தாள்.

முடிவு வந்த சாயங்காலம், கைபேசியில் முதலில் பார்த்தது கசிமீரோதான்.

“இருக்கு! பேரு இருக்கு! நம்ம எதெல்மீரா உள்ள போயிட்டா!”

சந்தை ஒலிபெருக்கி அந்தச் செய்தியை அலறியது. மினிபஸ் ஓட்டும் அவள் புருஷன் பவுஸ்தோ, பயணிகள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே வண்டியைச் சந்தை வாசலில் நிறுத்தி ஹாரனை அழுத்தியவன் கையை எடுக்கவில்லை. எதெல்மீரா என்ன ஏது என்று கேட்பதற்குள் பின்னல் கசிமீரோ கையில் இருந்தது. முட்டை வழிந்து, மாவு அப்பி, அவள் சிரித்துக்கொண்டே கைபேசிக்குக் கை நீட்டினாள்.

“குடுங்கண்ணே, என் கண்ணாலயும் ஒரு தடவை பாத்துக்கறேன்.”

பெயர் இருந்தது, அதில் பொய்யில்லை. தேர்வு எழுதிய அத்தனை பேருடைய பெயரும் மதிப்பெண் வரிசைப்படி இருந்தது. இடம் கிடைத்தவர்களுக்குப் பக்கத்தில் மட்டும் ‘அனுமதி’ என்று போட்டிருந்தார்கள். அந்த வார்த்தை அவளுக்கு முந்தைய பெயரோடு நின்றுவிட்டது. ஒரே ஒரு இட வித்தியாசத்தில் வாய்ப்பைத் தவறவிட்டிருந்தாள்.

ஹாரன் நின்றது. கசிமீரோ பின்னலை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தார். எதெல்மீரா முகத்தில் வழிந்த மஞ்சள் கருவைத் துடைத்தாள்.

“பச்சை முட்டை போட்ட ஸ்பெஷல் ஜூஸ் யாருக்கு வேணும்? சீக்கிரம் சொல்லுங்க, முட்டை உடைச்சாச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுதாள். சீட்டுக்காக ஒரு அழுகை, முடிக்காக ஒரு அழுகை, ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்களே என்று அதைவிடப் பெரிய அழுகை.

மறுநாள் தலையில் துணி கட்டச் சொன்னார்கள், சவுரி வைக்கச் சொன்னார்கள். அவள் நேராக முடிதிருத்தும் கடைக்குப் போய், கோணலும் மாணலுமாய் நின்றதை ஒட்ட வெட்டிச் சமமாக்கிக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு தடவை எழுதுவாள். கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் அந்தப் பேச்சே கிடையாது. அதுவரை முடி வளர்ப்பதாக இல்லை. வேண்டுதல்காரி மாதிரி, கொஞ்சம் வளர்ந்ததும் போய் வெட்டிக்கொண்டு வந்தாள்.

சந்தை சும்மா இருக்குமா? “டாக்டரம்மா, ஒரு பப்பாளி ஜூஸ்!” என்று தினமும் எவனாவது ஒருத்தன் கூவுவான். பவுஸ்தோவும் தன் பங்குக்கு விடவில்லை.

“வீட்டுல ரெண்டு ஆம்பளைங்க குடித்தனம் பண்ற மாதிரி இருக்குடி.”

“அப்ப பாதிச் சமையல் உன்னோடது. எந்திரி.”

அவன் எழுந்தான். அதுமுதல் ராத்திரிச் சமையல் அவன் தலையில் விழுந்தது, அவள் வேதியியலோடு உட்கார்ந்தாள். கசிமீரோ சனிக்கிழமைதோறும் நல்ல மீனாகப் பார்த்து ஜூஸ் கடையில் வைத்துவிட்டுத் தலைகுனிந்து போவார். எதெல்மீரா மீனை எடுத்துக்கொள்வாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவளுக்கு அவ்வளவு கோபம் இருந்தது. கோபம் இருக்கிறதே என்பதற்காக நல்ல மீனை வேண்டாம் என்று சொல்ல அவள் என்ன அசடா?

அடுத்த வருடம் முடிவு வரும் நேரத்தில் சந்தையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. “எவனாச்சும் வாயத் தொறந்தீங்க, மீனோட மீனா சீவிடுவேன்” என்று கசிமீரோ முன்கூட்டியே எச்சரித்திருந்தார். எதெல்மீரா தன் கைபேசியில் தானே பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். பவுஸ்தோவிடம் நீட்டினாள். அவன் பார்த்துவிட்டு அவளையே பார்த்தான். அவள் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாள்.

“அம்மா, நீங்க படிங்க. இந்த ஊர்ல வேற யாரையும் நான் நம்பமாட்டேன்.”

ஓதிலியா அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். “அசபாச்சே, எதெல்மீரா. அனுமதி.” கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார், “போய்ச் சத்தம் போடு, போ.”

அவள் போட்ட சத்தத்தில் கறிக்கடை நாய்கள் எழுந்து ஓடின. மாவும் முட்டையும் பறந்தன. கத்தரியோடு ஓடிவந்தவர்கள்தான் அவள் தலையைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். அங்கே வெட்ட ஒன்றும் இல்லை.

அப்போது கசிமீரோ மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார். முடிக்கு எண்ணெய் தடவி, சுருள் கலையாமல், ஐம்பத்தைந்து வயதிலும் சீப்போடு திரியும் மனிதர் அவர்.

“வெட்டும்மா. நான் பட்ட கடன்.”

எதெல்மீரா கத்தரியை வாங்கினாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவரிடம் வாய் திறந்தாள்.

“ஆடாம உக்காருங்கண்ணே. காது போச்சுன்னா மருந்து குடுக்க எனக்கு இன்னும் அஞ்சாறு வருஷம் ஆகும்.”

சந்தை வயிறு வலிக்கச் சிரித்தது. கசிமீரோ சிரித்தாரா அழுதாரா என்று மாவு அப்பிய அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

வகுப்பு தொடங்கியது. காலைக் கடையைப் பவுஸ்தோவின் தங்கை ஏற்றுக்கொண்டாள். அவள் போட்ட ஜூஸைக் குடித்தவர்கள், எதெல்மீராவின் படிப்பு சீக்கிரம் முடியட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டார்கள்.

முதல் ஆய்வுக்கூட வகுப்பு. எல்லோரும் புது வெள்ளைக் கோட்டில் வாசலில் நின்றார்கள். எதெல்மீரா தன் கோட்டை முந்தின நாளே மூன்று முறை இஸ்திரி போட்டிருந்தாள். பையன்கள் அத்தனை பேரும் புது மொட்டை. பெண்கள் கொத்து போன இடம் ஒரு பக்கம் நீட்டிக்கொள்ள, மிச்சக் கூந்தலைக் கொண்டை போடுவதும் அவிழ்ப்பதுமாய்ப் போராடிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் கதவை அடைத்தாற்போல் நின்றார்.

“ஒரு முடி தொங்கினாலும் உள்ள விடமாட்டேன். இது ஆய்வுக்கூடம், அழகு நிலையம் இல்ல. பொண்ணுங்கள்ல தயாரானவங்க முதல்ல வரலாம். யாரு?”

கொண்டைகளுக்கு நடுவிலிருந்து எதெல்மீரா முன்னால் வந்தாள்.

“நான் போன வருஷமே தயார் சார்.”

அவர் வழிவிட்டார். அவள் முதல் ஆளாக உள்ளே போய், முன்வரிசை மேசையில் தன் பையை வைத்தாள்.