மதினி மாற்றிச் சொன்ன படம்

அந்தப் பாட்டுப் புத்தகம் என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. ரோஸ் நிறமாக இருந்த மேல் தாள் இப்போது பழுப்பாகிவிட்டது. உள்ளே எட்டுப் பாட்டுகள். அவற்றுக்கு முன்னால் ஒரு பக்கத்துக்குக் கதைச் சுருக்கம். அந்தக் காலத்தில் எந்தப் படம் வந்தாலும் தியேட்டர் வாசலில் இப்படி ஒரு புத்தகம் விற்பார்கள். கதையைப் பாதி வரைக்கும் சொல்லிவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடித்துவிடுவார்கள். இந்தப் புத்தகத்தில் கதை எந்த இடத்தில் நிற்கிறது என்று திறந்து பார்க்காமலே என்னால் சொல்ல முடியும். கதாநாயகி கைக்குழந்தையோடு புருஷன் வீட்டுப் படியிறங்குகிற இடம். அதுவரைக்கும் அது நல்ல படம்தான்.

மதினி என்பது என் அண்ணனின் மனைவி. ஐம்பதுகளின் கடைசியில், எனக்குப் பதினெட்டு வயதிருக்கும்போது, சிவகாசிக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கொட்டகையில் வேலை பார்த்தோம். வெடிக்கான காகிதக் குழாய் உருட்டுகிற கொட்டகை அது. ஒரு கம்பியில் தாளைச் சுற்றி, பசை தடவி, பலகையில் உருட்டி உருவிப் போட வேண்டும். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் அதே கை, அதே உருட்டு. எங்கள் கொட்டகையில் வெடிமருந்து கிடையாது, வெறும் தாளும் பசையும்தான் என்பதால் பேசலாம், சிரிக்கலாம். மருந்து அறையில் அது நடக்காது. அங்கே கொலுசு, வளையல் கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பேச்சுக்குத் திரும்பி ஒரு கை தவறினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே கூலி கூடுதல். இரண்டு தடவை மேஸ்திரி மதினியைக் கூப்பிட்டும் அவள் போகவில்லை. வாயைக் கட்டிப் போட்டுக்கொண்டு தன்னால் ஒரு நாள் கூட இருக்க முடியாது என்று சொல்லிவிட்டாள்.

வாயைக் கட்டாமல் அவள் செய்தது சினிமாக் கதை சொல்வது. ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். அண்ணன் லோடு வண்டியோடு விருதுநகர், சாத்தூர் என்று வாரம் முழுக்க ரோட்டில் கிடப்பவர். எங்களைத் தடுக்க வீட்டில் ஆள் இல்லை. கொட்டகையில் மற்றவர்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. ஒருத்தி புருஷன் சினிமா என்ற பேச்சை எடுத்தாலே அடிப்பான். வேதக்காரப் பெண்கள், அதாவது கிறிஸ்தவர்கள், நாலு பேர் இருந்தார்கள். படம் பார்ப்பது பாவம் என்று அவர்கள் கோயிலில் சொல்லியிருந்தார்கள். பார்க்கக் கூடாது என்றுதானே சொன்னார்கள், கேட்கக் கூடாது என்று சொல்லவில்லையே என்று அவர்கள்தான் மதினிக்குப் பக்கத்தில் முதலில் வந்து இடம் பிடிப்பார்கள்.

ஒரு படத்தைத் திங்கள்கிழமை தொடங்கினால் வியாழக்கிழமை வரைக்கும் ஓட்டுவாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் சரியாக இடைவேளை வரும். அதற்குள் நான் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் கதைச் சுருக்கத்தைச் சத்தமாக வாசித்திருப்பேன். எட்டாவது வரை படித்தவள் அங்கே நான் ஒருத்திதான். அச்சில் இருப்பதும் மதினி சொன்னதும் அப்படியே ஒத்துப்போகும். அச்சில் இல்லாத மீதியையும் அதனால்தான் எல்லோரும் நம்பினார்கள்.

அந்த மீதியில்தான் மதினி கை வைப்பாள். தொடங்கும்போது நன்றாக இருக்கிற படங்கள் ஏதோ ஒரு இடத்தில் கெட்டுப்போகின்றன என்பது அவளுடைய தீராத மனக்குறை. தியேட்டரில் அந்த இடம் வந்ததும் என் தொடையில் கிள்ளுவாள். ஒரு படத்தில் பண்ணையாரை நடுத்தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்ட பெண், கடைசியில் அவர் தும்மியதற்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். இன்னொன்றில் வழக்குப் பேசிப் பேசி ஜெயிக்கப்போகிறவன், ஒரு மச்சத்தைப் பார்த்து எதிராளியை அண்ணா என்று கட்டிக்கொண்டான். "திரி நல்லாத்தான் பிடிச்சுச்சு. இங்கன வந்து நமுத்துப்போச்சு பாரு" என்பாள். ஈரம் ஏறி வெடிக்காமல் போன சரக்கைப் பற்றி நாங்கள் பேசும் பேச்சு அது. அந்த வாரம் கொட்டகையில் அந்த இடம் வரும்போது படம் வேறு பக்கம் திரும்பியிருக்கும். கஷாயம் இருக்காது, மச்சம் இருக்காது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. படம் எடுக்கிறவனுக்குத் தெரியாதது மதினிக்குத் தெரிகிறதே என்று பெருமையாகக் கூட இருந்தது.

ஆமத்தூரிலிருந்து எங்கள் கொட்டகைக்கு வேலைக்கு வந்த ஒருத்தியை நாங்கள் எல்லோரும் ஆமத்தூரக்கா என்றுதான் கூப்பிட்டோம். மதினிக்கு இளையவள், எனக்கு மூத்தவள். அவள் புருஷன் சாத்தூரில் இன்னொருத்தியை வீட்டில் கொண்டுவந்து வைத்ததும், ஆறு வயது மகளைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு வருஷம் கழித்து அந்தப் புருஷன், ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைப் பேச அனுப்பினார். இரண்டு பெண்டாட்டிகளும் ஒரே வீட்டில் இருந்துகொள்ளுங்கள், மூத்தவள் என்ற மரியாதை குறையாது என்பது பேச்சு. அவளுடைய அம்மாவும் போய்விடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும் என்று அக்கா எங்களிடம் சொல்லியிருந்தாள். போகலாமா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த வாரம் அவள் உருட்டிய குழாய் பாதிக்கு மேல் தளர்ந்து போயிருந்தது.

அந்த வாரம்தான் இந்தப் பாட்டுப் புத்தகத்துப் படம் அமைந்தது. அதன் முதல் பாதி ஆமத்தூரக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டு எழுதியது போல இருந்தது. புருஷன் இன்னொருத்தியோடு வருகிறான். இவள் ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறாள். அரிசி ஆலையில் நெல் புடைத்துக் குழந்தையை வளர்க்கிறாள். ஒரு பாட்டு இல்லை, ஒரு புலம்பல் இல்லை. இடைவேளையில் மதினி முறுக்குக் கூட வாங்கவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு புருஷன் நோயாளியாக அவள் வாசலில் வந்து நின்றான். அவள் ஓடிப்போய் அவன் காலைத் தன் கூந்தலால் துடைத்தாள். அவன் வீட்டுக்கே திரும்பிப் போய், அவனுக்குப் பணிவிடை செய்து, அவன் பிழைத்து எழுந்த நேரத்தில் அவன் மடியில் தலை வைத்துச் செத்தும் போனாள். தியேட்டர் முழுக்க மூக்கைச் சிந்துகிற சத்தம்.

வெயிலில் திரும்பி வரும்போது மதினி எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். ரயில் கேட் தாண்டியதும் நின்றாள். "அம்புட்டு ரோசமா எறங்கி வந்தவ, அவன் காலத் தொடைக்கவா போவா? இதக் கொண்டுபோயி அந்தப் புள்ளைகிட்ட நான் எப்பிடிச் சொல்லுவேன்?" என்றாள்.

சொல்லவில்லை. வியாழக்கிழமை கொட்டகையில் புருஷன் நோயாளியாக வந்து வாசலில் நின்றான். கதாநாயகி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போய் ஒரு சொம்பு கஞ்சி கொண்டுவந்து வாசலிலேயே கொடுத்தாள். அவன் குடித்து முடித்ததும் சொம்பை வாங்கிக்கொண்டு, பார்த்துப் போங்க என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். மகள் வளர்ந்தாள். படம் முடிந்தது. மதினி குரலை உயர்த்தாமல் சொன்னாள். பதினைந்து பெண்களின் பலகையும் நின்றுபோயிருந்தது. ஆமத்தூரக்கா மதினியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"நெசமாவே உள்ள விடலியா?"

"விடலக்கா" என்றேன் நான்.

அந்த ஒரு வார்த்தையை இத்தனை வருஷமாக நான் சுமந்துகொண்டிருக்கிறேன். மதினியாவது கதை சொன்னாள். நான் சாட்சி சொன்னேன். வெள்ளிக்கிழமை ஆமத்தூரக்கா பெரியவர்களிடம் வர முடியாது என்று சொல்லிவிட்டாள். சனிக்கிழமை அவள் உருட்டிய குழாயில் ஒன்று கூடத் தளரவில்லை. மதினிக்கு அன்று முகமெல்லாம் சிரிப்பு.

மறு வருஷம் ஐப்பசி மழைக்கு அப்புறம் ஆமத்தூரக்காவின் புருஷன் அவள் வாசலுக்கு வந்தார். நெஞ்சில் சளி கட்டி ஆளே பாதியாகிவிட்டிருந்தார். சாத்தூர்க்காரி அவரை விட்டுவிட்டுப் போய்விட்டாளாம். ஆமத்தூரக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள், சொம்பை வாங்கிக்கொண்டாள், பார்த்துப் போங்க என்றாள். மறுநாள் வேலைக்கு வந்து எங்களிடம் இதைச் சொன்னபோது அவள் குரல் நடுங்கவில்லை. மதினி குனிந்து பசையைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். ஒரு மாதத்துக்குள் அவர் சாத்தூர் பெரியாஸ்பத்திரியில் இறந்துபோனார் என்று ஆள் வந்து சொன்னார்கள். ஊரில் சிலர் அவளைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அவள் எதையும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நானும் மதினியும் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தோம்.

நாங்கள் மறந்துபோன ஒன்று உண்டு. எங்கள் ஊர்ப் பக்கம் படங்கள் ஒரு தடவையோடு ஒழிவதில்லை. பெரிய தியேட்டரில் ஓடி முடித்தவை தேய்ந்து, கீறல் விழுந்து, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்து டூரிங் கொட்டகைக்கு வந்து சேரும். ஆமத்தூர்க் கண்மாய்க்கரையில் அப்படி ஒரு கொட்டகை போட்டார்கள். அங்கே இந்தப் படம் வந்தது. அது தன்னுடைய படம் என்று ஆமத்தூரக்கா மகளையும் கூட்டிக்கொண்டு முதல் ஆட்டத்துக்குப் போனாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் எங்களைத் தேடி வந்தாள். வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறக்காமல் மதினிக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, படத்துல அவ போறாளே."

மதினி பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, "ஆமா. போறா" என்றாள்.

"அந்தாளு செத்ததுக்கு நான் உங்க மேல பழி போடல. அவரு வாசல்ல நிக்கிறப்போ எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எனக்கு முன்னாடி ஒருத்தி இதச் செஞ்சிருக்கா, அவளுக்கு ஒண்ணும் ஆகலன்னு நெனச்சுத்தேன் கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். யாருமே செய்யலியேக்கா. நான் மட்டுந்தானா செஞ்சேன்?"

என்னிடம் அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போனவள், அந்த வாரக் கடைசியோடு வேறு கம்பெனிக்கு மாறிவிட்டாள்.

அதற்குப் பிறகு மதினி கதை சொல்லவில்லை. திங்கள்கிழமைகளில் வேதக்காரப் பெண்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். தலை வலிக்கிறது என்பாள். அப்புறம் ஒருநாள் தானாகவே மேஸ்திரியிடம் போய், மருந்து அறையில் இடம் இருந்தால் வருகிறேன் என்றாள். கூலிக்காக என்று அண்ணன் நினைத்தார். வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு அவள் அந்த அறைக்குள் போனதை நான் பார்த்தேன். வாயைக் கட்டிப் போட்டுக்கொண்டு ஒரு நாள் கூட இருக்க முடியாது என்றவள் பத்தொன்பது வருஷம் அங்கே இருந்தாள். நல்லவேளையாக ஒரு தீக்காயம் கூடப் படவில்லை. அலுமினியப் பொடி ஏறி அவள் விரல்கள் மட்டும் சாம்பல் நிறமாகவே இருந்தன. சினிமாவுக்கு நான் கூப்பிட்டால் வருவாள். கிள்ள மாட்டாள். படம் எங்கே கெட்டுப்போனாலும் பேசாமல் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து வருவாள்.

அவள் செய்தது சரியா தப்பா என்று நானும் யோசித்து யோசித்து அலுத்துவிட்டேன். ஒரு படத்தைக் கெடுத்தார்கள், இவள் அதைச் சரி செய்தாள், சரி செய்தது ஒரு உயிருள்ள பெண்ணின் வாசலில் போய் நின்றது. இதில் எந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

மதினி இறந்த பதினாறாம் நாள் ஆமத்தூரக்கா வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. கூடவே மகள். மதினியின் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் இந்தப் புத்தகம் கிடைத்திருந்தது. என்ன தோன்றியதோ, அதைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினேன். வாசித்துக் காட்டச் சொன்னாள். பழைய பழக்கத்தில் சத்தமாகவே வாசித்தேன், படியிறங்குகிற இடம் வரைக்கும்.

கேட்டுவிட்டு மகளைக் கண்ணால் காட்டினாள். "இவளும் நாலு வருசத்துக்கு முன்னாடி இப்பிடித்தேன் எறங்கி வந்தா. பின்னாலயே அவன் வந்து வாசல்ல நின்னான். இவ எம் மொகத்தப் பாத்தா. பயப்படாத, ஒனக்கு முன்னாடி ஒருத்தி செஞ்சிருக்கான்னு சொன்னேன். யாரும்மான்னு கேட்டா. நாந்தேன்னேன்."

இதை மதினியிடம் சொன்னீகளா அக்கா என்று கேட்டேன்.

"சொல்லணும் சொல்லணும்னுதேன் இருந்தேன்" என்றாள்.

புத்தகத்தை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. மீதி தனக்குத் தெரியும் என்று என் கையிலேயே விட்டுவிட்டாள். மதினியிடம் சொல்ல அவளுக்கு நாலு வருஷம் இருந்திருக்கிறது. ஆமத்தூரிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம் கூட ஆகாது. அவளைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் மட்டும் மதினியிடம் என்ன பேசிவிட்டேன்?

இப்போது விருதுநகரில் மகன் வீட்டில் இருக்கிறேன். எப்போதாவது மத்தியான வேளையில் தொலைக்காட்சியில் அந்தப் படம் வருகிறது. கதாநாயகி குழந்தையோடு படியிறங்குகிற வரைக்கும் பார்ப்பேன். பிறகு அணைத்துவிட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வேன். நெசமாவே உள்ளே விடவில்லையா என்று இன்று யாராவது என்னைக் கேட்டால், விடவில்லை என்றுதான் சொல்வேன். இப்போது அது பொய் இல்லை.