வடிகட்டியைக் கழற்றிய கை

நிஷிமோரி சுமியே ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் சலவை இயந்திரத்தைப் பற்றி முதலில் ஒன்றும் கேட்கமாட்டாள். "நேத்து யார் யார் குளிச்சீங்க?" என்றுதான் கேட்பாள். புதிதாகக் கூப்பிட்டவர்களுக்கு இது ஒரு மாதிரியாக இருக்கும். ஜப்பானின் ஆக்கி ஊர்க்காரர்களுக்குப் பழகிவிட்டது.

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. மின்சாமான் கடை மாமனார் வைத்தது. கணவன் கட்சுஹிகோ கூரையேறி ஆன்டெனா மாட்டுவான், ஏசி மாட்டுவான், போன இடத்திலெல்லாம் டீ குடிப்பான். சலவை இயந்திரம் மட்டும் சுமியேவின் பங்குக்கு வந்தது. திறமையால் வந்தது என்று அவள் சொல்லிக்கொண்டதில்லை. குளியலறைக்கு முன்னால் உடை மாற்றுகிற அந்தப் பாய் அகல இடத்தில் கட்சுஹிகோவின் வயிறு நுழையாது. கூடையில் கிடக்கிற உள்ளாடைகளை ஒதுக்க அந்நிய ஆண் வருவதை வீட்டுப் பெண்களும் விரும்பவில்லை. அப்படியே இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. மேல்மூடி இயந்திரம் என்றால் கழற்றிப் பார்ப்பதற்கு முன்பே முக்கால்வாசி நோயைச் சொல்லிவிடுவாள். சிடுமூஞ்சி என்று ஊரில் பெயர். அதில் பொய்யில்லை.

அவளுக்கு ஒரு விரதம் உண்டு. சாமானைப் பற்றிப் பேசுவாள், ஆளைப் பற்றிப் பேசமாட்டாள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டு வடிகுழாயிலிருந்து கொண்டை ஊசி ஒன்றை எடுத்து, "இது யாருது?" என்று வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டாள். அந்த வீட்டு அம்மாவுக்குக் கிராப்புத் தலை. அந்தக் குடித்தனம் அடுத்த வசந்தத்தைத் தாண்டவில்லை. அன்றைக்குக் கட்டிய வாய்ப்பூட்டு.

டிசம்பர் கடைசி வாரம் அவளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அதற்குச் சில நாள் முன்புதான், பகல் மிகக் குறைந்த அந்த ஒரு நாளில் எல்லா வீட்டு வெந்நீர்த் தொட்டியிலும் யூஸு மிதக்கும். நாரத்தைக்குத் தங்கை மாதிரி ஒரு பழம். அந்தத் தண்ணீரில் முங்கினால் குளிர்காலம் முழுக்கச் சளி அண்டாது என்பார்கள். உடம்பைத் தேய்த்துக் கழுவிய பிறகே தொட்டியில் இறங்குவதால் தண்ணீர் அழுக்காவதில்லை. மறுநாள் காலை அதையே ஒரு குழாய் போட்டுத் துணி துவைக்க இழுத்துக்கொள்வார்கள். பழத்தை வலைப்பையில் கட்டாமல் நறுக்கிப் போட்ட வீடுகளில் விதையும் கூடவே போகும். "நமக்குப் பிடிக்காத சளி மெஷினுக்குப் பிடிச்சுக்குது" என்பான் கட்சுஹிகோ.

இருபத்தேழாம் தேதி மதியம் கடோதா ஹிசாவோவின் வீட்டுக்குப் போனாள். எண்பத்தொரு வயது, தனிக்கட்டை. சூரைமீன் படகுகளில் நாற்பது வருடம் எஞ்சின் அறையில் இருந்தவர். கதவைத் திறந்தது அவர் மகள் ரியேகோ. தூரத்து நகரமான ஒகயாமாவில் வேலை. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"மெஷின்ல ஒண்ணுமில்ல நிஷிமோரி சான். அப்பாதான். தண்ணியத் திறந்துவிட்டுட்டு மறந்துடறாரு. அது பீப் பீப்னு கத்தி நின்னா திரும்பவும் அமுக்கறாரு. நாள் பூரா தண்ணி ஓடுதுன்னு பக்கத்து வீட்டுக்காரங்க எனக்கு போன் பண்றாங்க. நீங்க மெஷின் நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"சொன்னா?"

"முதியோர் இல்லத்துல ஒரு ரூம் இருக்கு. நாலு மணிக்குள்ள பதில் சொல்லணும்."

சாப்பாட்டு மேசையில் விண்ணப்பம் கிடந்தது. பெயர், வயது எல்லாம் எழுதி, கீழே கையெழுத்துக்குப் பதிலாக முத்திரை குத்தும் இடம் மட்டும் காலியாக இருந்தது. கிழவர் நடையில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

"கடைக்காரம்மா, உன் புருஷன் வந்திருந்தா இந்நேரம் ரெண்டு டீ குடிச்சிட்டு, புது மெஷின் வாங்குங்கன்னு சொல்லிட்டுப் போயிருப்பான்" என்றார்.

"அதுக்குத்தான் நான் வந்தேன் கடோதா சான். எனக்கு டீ வேணாம். ஒரு வாளி வெந்நீர் வேணும்."

மின்செருகியைப் பிடுங்கினாள். இயந்திரத்தின் காலித் தொட்டியில் வெந்நீரை ஊற்றிவிட்டு, கீழே குனிந்து வடிகுழாய் வளைகிற இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். மின்சாரம் இல்லாதபோது வடிகால் இறுக மூடியிருக்க வேண்டும். குழாய் குளிர்ந்தே கிடக்க வேண்டும். ஐந்து எண்ணுவதற்குள் அது வெதுவெதுத்தது. பத்தில் சுட்டது.

"மெஷின் நல்லாயில்ல" என்றாள். "மேல விடற தண்ணி கீழ போயிட்டே இருக்கு. தொட்டி எப்பவும் நிறையாது. நிறையலன்னுதான் அது கத்துது."

ரியேகோவின் முகம் சுண்டிப்போனது. பின்பக்கத் தகட்டைத் திருகிக் கழற்றி, வடிகாலை மூடுகிற ரப்பர் அடைப்பை சுமியே வெளியே எடுத்தாள். விளிம்பில் கன்னங்கரேலென்று ஏதோ ஒட்டியிருந்தது. இடுக்கியால் பிடுங்கி மகளின் கையில் போட்டாள். யூஸு விதை, நசுங்கி முளை தெரிந்தது. இந்தக் கடுகத்தனை பொருளுக்காக ஒரு மனிதரை வீட்டைவிட்டு அனுப்பப் பார்த்தார்களே என்று சுமியேவுக்கு ஆத்திரமாக வந்தது.

குளியல் தொட்டிப் பக்கம் கிடந்த குழாயை இழுத்துப் பார்த்தாள். அதன் நுனியில் கிண்ணம் போல ஒரு வடிகட்டி கவ்விக்கொண்டிருக்க வேண்டும். இல்லை. வெறும் வாய்தான்.

"இதுல வடிகட்டி இருந்திருக்கணுமே?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வடிகட்டி தானாகக் கழன்று நடந்து போகாது. கேள்வி சாமானைத் தாண்டி ஆளிடம் போய்விட்டது.

"நான்தான் கழட்டினேன்" என்றார் கிழவர் உடனே. "எங்க வெச்சேன்னு ஞாபகமில்ல."

"பாத்தீங்களா!" என்றாள் ரியேகோ. ஆனால் அந்தக் குரலில் முன்பிருந்த வேகம் இல்லை. விதையை வைத்திருந்த கையை மூடிக்கொண்டாள். மணி மூன்றரை.

சுமியேவின் கண் கிழவரின் விரல்களில் நின்றது. கணு கணுவாக வீங்கியிருந்தன. வலது கைச் சுட்டுவிரல் மடங்கவே இல்லை. வடிகட்டியைக் கவ்வியிருக்கும் கொக்கி எவ்வளவு அழுத்தமென்று அவளுக்குத் தெரியும். அவளே சில நாள் ஸ்க்ரூடிரைவர் வைத்துத்தான் நெம்புவாள். ஆளைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது என்று நினைத்தாள். திறக்கவும் இல்லை. வண்டிக்குப் போய்ப் புது வடிகட்டி ஒன்றை எடுத்து வந்து, குழாயின் நுனியில் டக்கென்று மாட்டி, கிழவரிடம் நீட்டினாள்.

"இது அதே மாடல்தானான்னு பாக்கணும். கழட்டிக் குடுங்க கடோதா சான்."

கிழவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். ஒரு தொழில்காரனை இன்னொரு தொழில்காரி மடக்கிவிட்டாள் என்கிற பார்வை. குழாயை வாங்கினார். கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பல்லைக் கடித்து மறுபடி அழுத்தினார். கொக்கி அசையவில்லை. கழுத்து நரம்பு புடைத்ததே மிச்சம்.

"போதும்ப்பா." ரியேகோ குழாயைப் பிடுங்கினாள். "நான்தான். யூஸுக் குளியலுக்கு வந்தேனே, மறுநாள் காலைல. சுளை அடைச்சுக்கிட்டுத் தண்ணியே ஏறல. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு. கழட்டித் தூக்கிப் போட்டுட்டேன். பழத்த வெட்டிப் போட்டதும் நான்தான்."

"தெரியும்" என்றார் கிழவர்.

"தெரியுமா?"

"நீ போன அன்னைக்கே வடிகுழாயத் தொட்டுப் பாத்தேன். நாப்பது வருஷம் எஞ்சினோட குப்ப கொட்டினவன், வால்வுல ஏதோ மாட்டியிருக்குன்னு கூடவா தெரியாது? தகட்டத் திறக்க விரல் ஒத்துழைக்கல. தண்ணி விட்டே தள்ளிடலாம்னு திரும்பத் திரும்ப அமுக்கினேன்."

"அப்ப ஏன்ப்பா சொல்லல? நான் உங்களுக்கு மறதின்னு ஊரெல்லாம் சொல்லிட்டு..."

"அஞ்சு வருஷம் கழிச்சு என் வீட்ல வந்து குளிச்ச. உன்னாலதான் கெட்டுப்போச்சுன்னு சொன்னா, அடுத்த வருஷம் வருவியா?"

சுமியே ரப்பர் அடைப்பைத் துடைத்து மாட்டத் தொடங்கினாள். அவளுக்குக் கண் கரித்தது. அது அவளுக்கே பிடிக்கவில்லை. ரியேகோ கைப்பேசியை எடுத்து இல்லத்தின் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். மணி அடிக்கிற சத்தம் வெளியே கேட்டது.

அப்போதுதான் கிழவரின் முழங்கால் மடிந்தது. சுவரோடு சறுக்கி அப்படியே நடையில் உட்கார்ந்துவிட்டார். சுமியே வந்ததிலிருந்து அவர் ஒருமுறைகூட உட்காரவில்லை. இரண்டு மணி நேரம், நன்றாக இருக்கிறேன் என்று காட்டுவதற்காகவே நின்றிருக்கிறார்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று தரையில் கையூன்றினார். எழ முடியவில்லை. மறுபடி ஊன்றினார். சுமியே ஒரு பக்கமும், கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ரியேகோ மறுபக்கமும் தூக்கினார்கள். எலும்பும் தோலுமாகத்தான் இருந்தார், ஆனாலும் கனத்தார். ரியேகோவின் முகத்தில் எல்லாம் தெரிந்தது. இன்றைக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள், நாளைக்கு யார் இருப்பார்கள்?

மறுமுனையில் ஒரு பெண் குரல் "ஹலோ, ஹலோ" என்றது. கிழவர் மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடோதா பேசறேன்" என்றாள் ரியேகோ, அவர் அக்குளில் கொடுத்த கையை எடுக்காமல். "அந்த ரூம வேற யாருக்காவது குடுத்துடுங்க."